ஒளியால் பொருளை அறிய வழிகாட்டிய சர் சி. வி. ராமன்



திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்வோர் நம் குடும்பங்களில் பலர் உண்டு. ஆலைக்கு வந்து இறங்கும் டிரம்மில் இருப்பது, அதன் லேபிளில் எழுதியிருக்கும் பொருள்தானா? இதைக் கண்டறியும் வழிகளுள் ஒன்று ஒரு தமிழரின் பெயரால் அழைக்கப்படுகிறது. அவர்தான் சர் சி. வி. ராமன்.

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். நாம் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் புனித அலோசியஸின் பெயரைத் தாங்கிய விசாகப்பட்டினம் பள்ளியில் பயின்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்து, 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். கை நிறையச் சம்பளம். ஆனாலும் அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917-இல் அந்தப் பதவியை விட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார்.

1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பியபோது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. அது வானத்தின் பிரதிபலிப்பு என்றே அறிஞர்கள் கூறிவந்தனர். ராமன் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்று ஏழு ஆண்டுகள் மாணவர்களுடன் ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று விடை தெளிவானது.

ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்கள், சுருள்கம்பியால் இணைத்த குண்டுகளைப் போல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரே நிற ஒளியை அதன்மேல் செலுத்தினால் பெரும்பகுதி அதே நிறத்தில் சிதறும். மிகமிகச் சிறு பகுதி மட்டும் அந்த அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தோ, அதனிடமிருந்து பெற்றோ நிறம் மாறும். ஒவ்வொரு பொருளுக்கும் அதிர்வு வேறு. ஆகவே நிற மாற்றமும் வேறு. மனிதருக்குக் கைரேகை போல, பொருளுக்கு இது அடையாளம்.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. ஆனால் அந்தச் சோதனைகளை உடனிருந்து செய்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பதை நாம் மறக்கலாகாது. பின்னர் பெங்களூரில் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவிய ராமன், 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார்.

இன்று லேசர் ஒளியுடன் கையில் ஏந்தும் ராமன் கருவிகள் வந்துவிட்டன. மருந்து ஆலைகளில் கண்ணாடிப் பாட்டிலையோ பிளாஸ்டிக் பையையோ பிரிக்காமலேயே உள்ளிருக்கும் மூலப்பொருளைச் சோதிக்கலாம். 2025-இல் தமிழகத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்திருந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் பலர் இறந்தனர். அது, மருந்தில் சேர்க்கும் கிளிசரினைப் போலவே நிறமற்ற, இனிப்பான திரவம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ராமன் ஒளிக்குத் தெரியும். மிகச் சிறிதளவு கலப்படத்தைக் கண்டுபிடிக்க வேறு ஆய்வகச் சோதனைகளும் வேண்டும்.

ஆனால் எந்தக் கருவியும் தானாகச் சோதிப்பதில்லை. லாரி காத்திருக்கிறது, மேலாளர் அவசரப்படுத்துகிறார் என்று சோதிக்காமலேயே கையெழுத்திட்டால் கருவி இருந்தும் பயனில்லை. எல்லாரும் ஏற்றுக்கொண்ட பதிலையும் ராமன் சோதித்துப் பார்த்தார். நம் கையெழுத்தை நம்பி எங்கோ ஒரு தாய் தன் குழந்தைக்கு மருந்து ஊற்றுகிறாள். நம் கையெழுத்து அந்த நம்பிக்கைக்கு உரியதா? சிந்திப்போம்.