நாள்தோறும் இரண்டணா

மருத்துவர் டி.எம்.ஏ. பை (1898–1979) அவர்களை மணிப்பால் கல்வி நிலையங்களின் நிறுவனராகவே நம்மவருள் பலர் அறிவர். ஈண்டு நாம் கூறப் புகுவது அவர்தம் வங்கிப் பணியைப் பற்றியாகும்.

சென்னையில் மருத்துவம் பயின்ற அவர், 1925-ஆம் ஆண்டில் தமையனார் உபேந்திர அனந்த பை, பொறியாளர் வாமன் குடுவா ஆகியோருடன் கூடி, உடுப்பியில் 8,000 ரூபாய் முதலுடன் ஒரு வங்கியைத் தோற்றுவித்தார். அதுவே பின்னாளில் சிண்டிகேட் வங்கி எனப் பெயர் பெற்றது. அந்நாளில் அவ்வட்டாரக் கைத்தறித் தொழில் நலிவுற்றிருந்தது. துணி விற்ற பின்னரே நெசவாளர் கைக்குப் பணம் வரும். நூலையோ முன்னரே வாங்குதல் வேண்டும். ஈடு காட்ட இயலாத அவர்க்கு யார் கடன் தருவர்? அவருக்கு உதவுதலே வங்கியின் முதல் நோக்கமாயிற்று.

அதற்குப் பணம் வேண்டுமே! 1928-இல் 'பிக்மி' என்னும் சிறுசேமிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. வங்கியின் முகவர் நாள்தோறும் வீட்டிற்கும் கடைக்கும் சென்று இரண்டணா முதலாகப் பெற்று வந்தார். எட்டு நாள் சேர்ந்தால் ஒரு ரூபாய். இதற்கென ஓர் ஆளை அனுப்புவதா என்று வணிகம் அறிந்த நம் அன்பர்கள் நகைக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயின் கடையை விட்டு அகல இயலாத சிறுவணிகர், அன்றன்றைய வரவில் ஒரு பகுதியைச் செலவாகுமுன் ஒதுக்கிவைக்க இஃதொன்றே வழியாயிருந்தது. சேர்ந்த தொகை அவர்க்கே முதலாயிற்று; அவசரத்தில் அதன்பேரில் கடனும் பெறலாயிற்று. நாள்தோறும் வாயிலில் நிற்பவர்க்கு ஒருவரின் நாணயம் எந்தப் பத்திரத்தினும் தெளிவாகப் புலப்படும் என்பது நம் கருத்து.

1969-இல் அவ்வங்கி நாட்டுடைமையாயிற்று. 2020-இல் கனரா வங்கியுடன் இணைக்கப்பெற்றது.