25 ரூபாய்ப் பங்கில் ஒரு கப்பல் கம்பெனி

மதகடிப்பட்டு வட்டாரக் கல்லூரிகளில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இப்போது வேலையைவிட ஸ்டார்ட்அப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். முதல் எங்கிருந்து வரும், பெரிய கம்பெனி விலையைக் குறைத்தால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று கேட்கிறார்கள். ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் இதே கேள்விகளோடு மல்லுக்கு நின்றவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. செக்கிழுத்த தியாகி என்றே அவரை நினைத்துப் பழகிவிட்டோம். அவர் ஒரு கம்பெனியை எப்படிக் கட்டினார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தந்தையைப் போலவே வக்கீல் தொழிலுக்கு வந்து, பின்னர் தூத்துக்குடியில் குடியேறினார். தூத்துக்குடி – கொழும்பு கடல்வழி அன்று பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. இலங்கையோடு வணிகம் செய்த காயல்பட்டினம், கீழக்கரை மக்களுக்கு இதன் பொருள் நன்றாகவே தெரிந்திருக்கும். சரக்குக்கும் ஆளுக்கும் அந்தக் கம்பெனி வைத்ததுதான் கட்டணம்.

முதலில் பம்பாயின் ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கடி கொடுத்ததும் அந்த ஒப்பந்தம் முறிந்தது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். பங்குகளை ஆசிய நாட்டவர் மட்டுமே வாங்கலாம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். கம்பெனியை உருவாக்கிய வ.உ.சி.யோ உதவிச் செயலாளர் பதவியோடு நின்றுகொண்டார். தன் பெயரைப் பலகையில் முதலில் எழுதத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அந்தப் பங்குகளில் 8,000-ஐ, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, ஒரே ஆளாக வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது! வட்டிக்குக் கொடுத்திருந்தால் கம்பெனி மூழ்கினாலும் அசலைக் கேட்டிருக்கலாம். பங்காகப் போட்டதால் லாபமும் நட்டமும் அவருடையதுமாயின. ஃபிக்ஹு நூல்களில் ஷிர்கா என்று மதரஸாவில் நாம் ஓதும் கூட்டுத் தொழிலின் உயிர்நாடி இதுதான்.

1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாக வந்து சேர்ந்தன. உடனே கட்டணப் போர் தொடங்கியது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் தரத் தயாரானது என்பார்கள். சுதேசிக் கம்பெனி அந்த அளவுக்கு இறங்க முடியுமா?

சந்தையில் விலையைக் குறைத்து உலர் திராட்சை விற்ற ஹாதிப் (ரலி) அவர்களிடம், விலையை உயர்த்துங்கள், இல்லையேல் சந்தையை விட்டுச் செல்லுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. உமர் (ரலி) பின்னர் அதைத் திரும்பப் பெற்றார்கள் என்ற அறிவிப்பும் உண்டு. ஆகவே இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் இந்தச் சிக்கல் சந்தை அளவுக்குப் பழமையானது என்பது மட்டும் தெளிவு. தூத்துக்குடியிலோ சந்தையைக் கண்காணிக்க வேண்டிய அரசாங்கமே ஒரு வியாபாரியின் பக்கம் நின்றது.

1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. தலைமை தாங்கினார். அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனமே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டாகவும் இருந்தது. மார்ச் 12 அன்று அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. அவருடைய நண்பர் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

என் பார்வையில் கம்பெனியின் பெரிய பலவீனம் இங்கேதான் வெளிப்பட்டது. பணம் ஆயிரக்கணக்கான பங்குகளாகப் பிரிந்திருந்தது; உழைப்பும் துணிவும் மட்டும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தன. அவர் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்தபோது அந்த இடத்தில் நின்று நடத்த யாரும் இல்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது பிற்பாடு திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியிலேயே அவர் காலமானார்.