தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்



ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் பழைய பலகை லயங்கள் இருந்த காலத்தில், டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பாட்டுச் சத்தம் கேட்கும். முன்னால் ஒருவர் கையில் விளக்கு, பின்னால் ஜால்ரா, ஒரு டோலக்கு. வேதக்காரர் வீடுகளுக்கு மட்டும்தான் போவார்கள் என்றில்லை. எல்லார் வீட்டு வாசலிலும் நின்று ஒரு கீர்த்தனை பாடிவிட்டுத்தான் நகருவார்கள். நம்ம வீட்டுப் பெண்களும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. விடியற்காலையில் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மரம் சீவப் போகிற ஜனங்கள். ஆனால் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் மனப்பாடம். பெத்தலகேம் எங்கே, ஏரோது யார், சாஸ்திரிகள் எந்தத் திக்கிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால் பாட்டிலிருந்தே பதில் சொல்வார்கள்.

அந்தப் பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்தான் அவர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. மேல் வகுப்புப் பிள்ளைகளும் இந்த இருவரையும் ஒருவராக்கிப் பரீட்சையில் எழுதுவதுண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் சைவராயிருந்து கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவித் தேவசகாயம் என்று பெயர் பெற்றவர். 1785இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற அம்மையார் கட்டிய சிறு ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யத் தஞ்சையிலிருந்து சுவார்ட்சு ஐயர் வந்தார். ஜெர்மனியில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழும் மராட்டியும் பேசி, அரண்மனை முதல் குடிசை வரை நம்பப்பட்ட பெரியவர் அவர். திரும்பிப் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைதான் வேதநாயகம். பன்னிரண்டு வயதுகூட நிறையாத பையனை ஒரு வெள்ளைக்கார ஐயரோடு அனுப்பிவைக்க அந்தத் தகப்பனுக்கு எப்படித்தான் மனம் துணிந்ததோ!

தஞ்சையில் சுவார்ட்சு ஐயரின் பராமரிப்பில் இன்னொரு பையனும் வளர்ந்துவந்தான். அவன்தான் இளவரசன் சரபோஜி. வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவன். இந்தப் பழக்கம் வீண்போகவில்லை, பின்னால் வருகிறது பாருங்கள்.

சில காலம் வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டு, அங்கே வேத சாஸ்திரம் கற்றார். தரங்கம்பாடி என்றால் சும்மாவா? 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கிய ஊர். மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்ததாகச் சொல்லப்படும் அந்த மனிதர், 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. அவருக்குப் பின் சூல்சு ஐயர் பழைய ஏற்பாட்டை முடித்தார். அதன்பின் பப்ரிசியு ஐயர் அந்தப் பழைய மொழிபெயர்ப்பையெல்லாம் எடுத்து, எபிரெயம் கிரேக்கத்தோடு ஒத்துப் பார்த்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து திரும்ப எழுதினார். 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவருடைய வேதத்தைக் கேட்டு வளர்ந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளில் ஒருவர் வேதநாயகம். அந்தச் சொற்கள் அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. பின்னால் நடந்த சண்டையைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைக்க வேண்டும்.

இருபது வயதையொட்டித் தஞ்சையில் அவரைத் தலைமையாசிரியராக நியமித்தார்கள். 1798இல் சுவார்ட்சு ஐயர் காலமானார். அதே ஆண்டில் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். வாத்தியார் வேலையோடு வேதநாயகம் பாட்டுக் கட்டவும் தொடங்கினார்.

அதுவரை தமிழ்ச் சபைகளில் பாடியவை பெரும்பாலும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் தமிழாக்கம். ஜெர்மன் ராகம், அதற்குள் அடக்கிய தமிழ்ச் சொல். பக்தி நிறைய உண்டு, ஆனால் வயலில் நாற்று நடுகிற பெண் வாயில் அது தானாக வருமா? வேதநாயகம் வேறு வழி பார்த்தார். நம்ம ஜனங்களுக்கு எது தெரியுமோ அதையெல்லாம் எடுத்துக்கொண்டார். கும்மி, சிந்து, உலா, நொண்டி நாடகம், குறவஞ்சி, தச்சர் பாட்டு, கப்பல் பாட்டு எதையும் விடவில்லை. காமன் கூத்தும் லாவணியும் கேட்டு வளர்ந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது எப்படிப்பட்ட காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மெட்டு காதில் ஏறிவிட்டால் சொல் தானாக ஏறும்.

சொல் எல்லாம் வேதத்திலிருந்து எடுத்தது. நோவாவின் கப்பல் பாட்டு என்றால் ஆதியாகமம் முழுதாக உள்ளே இருக்கும். பெத்லகேம் குறவஞ்சி அவருடைய பேர்போன நூல். குற்றாலக் குறவஞ்சி போலவே இதிலும் தலைவன் பவனி வருகிறான், தலைவி மையல் கொள்கிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். ஆனால் பவனி வருபவர் கிறிஸ்து, தலைவி தேவமோகினி, அதாவது சபை. இதோடு நின்றாரா? வாத்தியார் அல்லவா! பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற வானநூலையும், கண்டங்களின் பூகோளத்தையும் அதே நாடகத்துக்குள் நுழைத்துவிட்டார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னே இதைக் குறவஞ்சியில் பாடிப் பிள்ளைகளுக்குச் சொன்னவர் தமிழ் வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. சாஸ்திரக் கும்மியில் சகுனம், நாள் பார்ப்பது முதலியவற்றைக் கடுமையாகவே கிண்டல் செய்கிறார். அதிலுள்ள எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட மாட்டேன், ஆனால் படிக்கச் சிரிப்பு வரும்.

சபைகள் அவருக்குச் சுவிசேஷ கவிராயர் என்று பட்டம் கொடுத்தன. சரபோஜி மன்னர் ஒருமுறை கோவில் தெய்வத்தின் மேலும் ஒரு பாட்டுக் கட்டச் சொன்னதாகவும், தம் நாவு வேறு ஒருவரைப் பாடாது என்று இவர் பணிவாக மறுத்ததாகவும், மன்னர் கோபிக்கவில்லை என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. கதையோ நிஜமோ, மன்னர் கோபிக்கவில்லை என்பதைப் பிற்காலச் சம்பவங்கள் காட்டுகின்றன.

1820களில் காற்று மாறியது. பழைய ஜெர்மன் ஐயர்மார் ஒவ்வொருவராக மறைந்தார்கள். தஞ்சைச் சபை ஆங்கிலேய சங்கத்தின் கைக்குப் போயிற்று. புதிதாக வந்த இளைய மிஷனெரிகளுக்குப் பழைய வழக்கங்கள் பலவும் பிடிக்கவில்லை. சாஸ்திரியாரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய மனுக்களில் நான்கு குறைகள் முக்கியமாக வருகின்றன. பப்ரிசியு ஐயரின் வேத வசனத்தை மாற்றுகிறார்கள். கலியாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் பூவைத் தடுக்கிறார்கள். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனையையும் வாத்தியத்தையும் நிறுத்துகிறார்கள். நான்காவது, சாதி வித்தியாசம் பாராமல் ஒன்றாக உட்காரவும் நற்கருணை வாங்கவும் கட்டாயப்படுத்துகிறார்கள்.

முதலாவது குறையைப் பார்ப்போம். இரேனியு ஐயர் என்ற மிஷனெரி வேதத்தை எளிய, ஒழுங்கான தமிழில் திரும்ப மொழிபெயர்த்தார். அவரும் சாதாரண ஆளில்லை, தமிழ் நன்றாகக் கற்றவர். படித்தவுடன் ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்பது அவர் நோக்கம். அதில் தப்பு என்ன? சாஸ்திரியார் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். சபையில் பாதிப் பேர் வாசிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்கு வேதம் என்பது காதில் விழுந்து நெஞ்சில் நின்ற வாக்கியம். ஜெபத்திலும் கீர்த்தனையிலும் வருவது அதே வாக்கியம். பிரசங்கத்தில் ஐயர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் பின் வரிசைக் கிழவி முடித்துவிடுவாள். அந்த வாக்கியத்தை மாற்றினால் அவள் கையிலிருந்த வேதத்தையே பிடுங்கினதாகும். கடவுளுக்குப் பப்ரிசியு ஐயர் போட்ட சொல் பராபரன், இரேனியு ஐயர் போட்டது தேவன். பராபரன் மாலை என்று நூலே பாடியவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! கீர்த்தனையை நிறுத்தியதும் அதே நஷ்டம்தான். எழுத்து தெரியாதவருக்குப் பாட்டுத்தான் வேதப் பள்ளிக்கூடம். வழிபாட்டின் பழைய முறை உயிரோடு இருந்ததே அதற்குள் வேத போதனை இருந்ததால்தான் என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

இனி அந்த நான்காவது குறை. இதை மறைத்து எழுதுகிற மலர்க் கட்டுரைகள் உண்டு. நான் மறைக்கப் போவதில்லை. சாதிப்படி தனித்தனியாக உட்காருவதையும் சாஸ்திரியார் பழைய நல்ல வழக்கம் என்றே வாதாடினார். அதற்காக நூலும் எழுதினார். சுவார்ட்சு ஐயர் பொறுத்துக்கொண்டதை நேற்று வந்தவர்கள் ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டிய பந்தியில் யார் முதலில், யார் பின்னால் என்ற கணக்கு! வேதத்தைக் கரைத்துக் குடித்த மனிதர், அதே வேதத்தில் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியதை எப்படித் தாண்டிப் போனாரோ, எனக்கு விளங்கவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் அறவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையில் பெருங்கலகமே நடந்தது. ஒதுங்கி உட்கார வைக்கப்பட்டவர்கள் எந்த மனுவும் எழுதினதாக நாம் அதிகம் படிப்பதில்லை. நம் தாத்தாமார் காலத்துத் தோட்டங்களிலும் சாதிக்கு ஒரு லயம் பிரித்த கதை இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். ஆகவே அவரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் இளைய மிஷனெரிகள் பக்கம்தான் நியாயம். பூவையும் பாட்டையும் சாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பிரித்துப் பார்க்க ஆளில்லை.

சண்டையின் முடிவில், 1829இல், சாஸ்திரியாரின் வேலை போயிற்று. வயது ஐம்பத்தைந்து. வளர்த்த சபையே வெளியே அனுப்பிவிட்டது. அப்போது கைகொடுத்தவர் யார் தெரியுமா? கிறிஸ்தவரல்லாத சரபோஜி மன்னர். சரஸ்வதி மகால் நூல் நிலையத்தை வளர்த்த அதே மன்னர், கூடப் படித்த நண்பனுக்கு அரண்மனையில் கவிராயர் என்று இடம் கொடுத்து ஜீவனத்துக்கும் வழி செய்தார். அவர் தயவில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் தொடர்ந்து பிறந்தன. 1832இல் மன்னர் மறைந்த பிறகும் சாஸ்திரியார் ஓயவில்லை. ஊர் ஊராகப் போய்க் காலட்சேபம் செய்தார். கோவில் மண்டபங்களில் இராமாயணக் கதை நடப்பதுபோலவே, வேதக் கதையைப் பாட்டும் வசனமுமாக விடிய விடியச் சொல்வார். ஆலயத்தில் கதவடைத்த பாட்டு வீட்டுத் திண்ணையிலும் பந்தலிலும் வாழ்ந்தது.

கடைசியில் கதவைத் திறந்தவரும் ஒரு மிஷனெரிதான். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயருக்குத் தமிழ்ச் சங்கீதத்தில் ஆசை. மொழிபெயர்ப்புப் பாட்டுக்கு நெளிகிற ஜனங்கள் கீர்த்தனைக்குத் தாளம் போடுவதைக் கண்டார். எழுபது வயது தாண்டிய சாஸ்திரியாரிடமிருந்து பாட்டுகளைப் பெற்று, 1853இல் ஆலய ஆராதனைக்கென்றே ஒரு கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். முதன்மை இடம் தஞ்சைக் கவிராயருக்கே. அந்தப் புத்தகம் திருத்தப்பட்டும் பெருக்கப்பட்டும் சபை வேறுபாடில்லாமல் பரவியது. கப்பலேறிய ஜனங்கள் அதையும் மூட்டையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் என்று எந்தத் தமிழ்ச் சபைக்குப் போனாலும் அவர் கீர்த்தனை ஒன்றாவது காதில் விழும்.

சாஸ்திரியார் 1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் தஞ்சையில் காலமானார். வயது எண்பத்தொன்பது. அவர் வழிவந்தவர்கள் அவருக்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகக் காலட்சேபம் செய்துவந்தார்கள். வேத மொழிபெயர்ப்புச் சண்டைக்கு, அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1871இல் ஒரு முடிவு வந்தது. பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு எல்லாச் சபைகளுக்கும் பொதுவான தமிழ் வேதத்தை வெளியிட்டது. பப்ரிசியு ஐயரின் போக்கையே அது பெரும்பாலும் பின்பற்றியது. ஆனால் கடவுளுக்கு இரேனியு ஐயரின் தேவன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. பராபரன் என்ற பழைய சொல்லோ கீர்த்தனைப் புத்தகத்தில் நின்றுவிட்டது. டிசம்பர் மாதத்தில் வாசலில் நின்று பாடிய அந்தத் தோட்டத்து ஜனங்கள் வாயிலும் அதுதான் இருந்தது.