மேஜர் பரமேஸ்வரன்

குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை நம்மில் பலருக்குப் பழக்கம். ஏலத்தோட்டத்துக்குள் பத்தடி தள்ளி ஆள் நின்றாலும் தெரியாது. அங்கிருந்து துப்பாக்கி வெடித்தால் என்ன செய்வோம்? குப்புற விழுவோம், அவ்வளவுதான். அப்படி விழாத ஒரு தமிழரைப் பற்றி எழுதத் தோன்றியது.

ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13-ல் பம்பாயில் பிறந்தார். அங்கேயே படித்து 1968-ல் அறிவியல் பட்டம். நம்மைப் போல டிகிரி முடித்த பையன்தான். 1971-ல் சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1972 ஜூன் 16-ல் காலாட்படையின் மகார் ரெஜிமெண்டுக்குப் போனார். மிசோரம், திரிபுரா என்று காட்டிலேயே பல வருஷங்கள். ஜவான்களுக்கு அவர் பாரி சாகிப்.

1987 ஜூலை ஒப்பந்தப்படி இலங்கையில் அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. பரமேஸ்வரன் 8-வது மகார் பட்டாலியனோடு யாழ்ப்பாணத்தில். தமிழ் பேசும் அதிகாரி தமிழ் பேசும் ஊரில் வீடு வீடாகத் தேட வேண்டிய நிலை. நினைத்தாலே மனசு கனக்கிறது.

நவம்பர் 24 இரவு, கந்தரோடையில் ஒரு வீட்டில் ஆயுதம் இறங்குவதாகத் தகவல். போய்த் தேடினார்கள். 25-ம் தேதி திரும்பும் வழியில் மறைவிலிருந்து சரமாரியாகச் சூடு. பரமேஸ்வரன் தன் ஆட்களோடு பின்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சுட்டவர்கள் மேலேயே பாய்ந்தார். கைகலப்பில் ஒருவன் அவர் நெஞ்சில் சுட்டான். அவனுடைய துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். மூச்சு நிற்கும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் மாண்டனர். அவருக்கு வயது 41.

1988-ல் பரம வீர சக்ரா. இலங்கைப் போருக்காக அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. இருந்தும் தமிழ்நாட்டில் அவர் பேர் அதிகம் அடிபடவில்லை. காரணம் தெரிந்ததுதான். 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. யாழ்ப்பாணத்து ஜனங்கள் பட்ட பாட்டை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் படையை அனுப்பியவர்களிடம் கேட்க வேண்டும், போன சிப்பாயிடம் அல்ல என்பது என் கட்சி.

பயிற்சி பெற்ற இடத்திலேயே அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் வைத்தார்கள். சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விஹார் என்று ராணுவத்தினர் குடியிருப்பு உண்டு. வேலை தேடிச் சென்னை வந்த புதிதில் தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போவேன். யார் இந்தப் பரமேஸ்வரன் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.