கேர்ட்டன் கல்லூரியை நிறுவிய எமிலி டேவிஸ் அம்மையார்

கேம்பிறிட்ஜ் ஜூனியர், சீனியர் என்னும் பரீட்சைப் பெயர்களை எங்கள் பாட்டிமார் நன்கு அறிவர். இலங்கைப் பாடசாலைகளில் பல தலைமுறைகள் அப்பரீட்சைகளுக்குத் தோற்றின. அந்தப் பரீட்சை மண்டபத்தின் கதவைப் பெண் பிள்ளைகளுக்குத் திறக்கச் செய்தவரும், பல்கலைக்கழகப் படிப்புக்காகப் பெண்கள் தங்கிக் கற்கும் முதற் கல்லூரியை இங்கிலாந்தில் நிறுவியவரும் ஒருவரே. அவர் எமிலி டேவிஸ் அம்மையார்.

1830 ஏப்ரல் 22 இல் சவுதாம்டனில் பிறந்த எமிலி, வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் வளர்ந்தார். தந்தையார் அங்கே குருவானவர். அண்ணன் லுவெலின் கேம்பிறிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்குப் படிக்கப் போனார். எமிலியோ வீட்டிலிருந்து தாய்க்கு உதவினார், நோயுற்ற சகோதரரைப் பராமரித்தார், கோவிற்பற்று வேலைகளைக் கவனித்தார். ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கிடையே இருந்த இந்த வேறுபாடு அவர் மனதை விட்டு அகலவில்லை.

தந்தையார் காலமானபின் 1862 இல் தாயுடன் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய தோழி எலிசபெத் கரெட் அப்போது வைத்தியராக வருவதற்குப் போராடிக்கொண்டிருந்தார். தோழிக்காக இலண்டன் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினார் எமிலி. அது திறக்கவில்லை. அவர் சோர்ந்துவிடாமல் பாடசாலைப் பரீட்சைகளின் பக்கம் திரும்பினார்.

1863 டிசம்பரில், கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைக்குப் பெண் பிள்ளைகளும் பரீட்சார்த்தமாகத் தோற்ற அனுமதி கிடைத்தது. ஆயத்தம் செய்யச் சில வாரங்களே இருந்தன. எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோற்றினர். சீனியர் பிரிவில் பெரும்பாலானோர் கணக்கில் சித்தியடையவில்லை. வேறொருவராயின் இதை மூடி மறைத்திருப்பார். எமிலிக்கோ அதுவே பலமான சான்றாயிற்று. பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்பதல்ல, அவர்களுக்கு எவரும் ஒழுங்காகக் கற்பிக்கவில்லை என்பதே அந்தப் புள்ளிகள் சொன்ன செய்தி. ஆசிரியைகள் விழித்துக்கொண்டனர், கற்பித்தல் திருந்தியது. 1865 இல் அப்பரீட்சை பெண்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டது. ஒரே பரீட்சையை வைத்தால்தான் குறை எங்கே என்று தெரியும், தெரிந்தால்தான் திருத்தலாம். இந்தப் பாடத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1866 இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரி ஏறக்குறைய 1500 பேர் ஒப்பமிட்ட மனுவைப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோன் ஸ்டுவர்ட் மில்லிடம் எலிசபெத்துடன் சென்று கையளித்தவரும் இவரே. ஆயினும் தமது முழு உழைப்பையும் அவர் ஒரு கல்லூரிக்கே கொடுத்தார்.

பார்பரா போடிஷோன் முதலியோர் துணைநிற்க, 1869 அக்டோபர் 16 இல் ஹிச்சின் என்னும் சிற்றூரில் வாடகை வீடொன்றில் அக்கல்லூரி தொடங்கியது. மாணவியர் ஐவர். இலண்டனுக்கும் கேம்பிறிட்ஜுக்கும் இடைப்பட்ட ஊர் ஆகையால் விரிவுரையாளர்கள் கேம்பிறிட்ஜிலிருந்து புகையிரதத்தில் வந்து போயினர். இலத்தீனும் கிரேக்கமும் முன்பின் படிக்காத பெண்களும் ஆண்களுக்குரிய அதே காலத்துக்குள் அதே பரீட்சைகளுக்கு ஆயத்தமாக வேண்டியிருந்தது.

இது மிகக் கடுமை என்று சொன்னவர்கள் பகைவர் மட்டுமல்லர், நண்பர்களும்தான். பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக், ஆன் குளோ அம்மையார் ஆகியோர் 1871 இல் கேம்பிறிட்ஜில் தொடங்கிய விடுதி பின்னர் நியூனம் கல்லூரியாயிற்று. அங்கே மாணவியர் தமக்கு ஏற்றவாறு படிக்கலாம், பெண்களுக்கென வைத்த தனிப் பரீட்சைக்கும் தோற்றலாம். அதுவும் அன்புள்ள வழியே. ஆனால் பெண்களுக்கெனத் தனிப் பரீட்சை வைத்தால், அதில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் அதை உலகம் குறைவாகவே மதிக்கும் என்று எமிலி அஞ்சினார்.

அவருடைய கண்டிப்பு சில வேளை மாணவியரையும் நோகச் செய்தது. 1871 இல் ஹிச்சினில் மாணவியர் நாடகக் காட்சிகள் சில நடித்தபோது ஆண் வேடமிட்டு ஆண் உடை அணிந்தனர். எமிலி அதைத் தடுத்தார். பிள்ளைகள் கொதித்தெழுந்தனர். ஒரு சிறு வதந்தியே கல்லூரியை மூடிவிடப் போதும் என்ற அவரது அச்சமும் நியாயமானது. வளர்ந்த பெண்களாகிய எங்களை நம்பக் கூடாதா என்ற அவர்களது கோபமும் நியாயமானது. விடுதியில் வாழ்ந்த எவருக்கும் இந்த வழக்கு விளங்கும்.

ஆனாலும் 1873 அளவில் மூன்று மாணவியர், சேரா வூட்ஹெட், ரேச்சல் குக், லூயிசா லம்ஸ்டன் ஆகியோர், ட்ரைப்பொஸ் எனப்படும் சிறப்புப் பரீட்சைக்கு உத்தியோகப்பற்றற்ற முறையில் தோற்றிச் சித்தியடைந்தனர். பிந்திய மாணவியர் அவர்களைப் பாட்டுக் கட்டிப் போற்றினர்.

அதே ஆண்டில் கல்லூரி கேம்பிறிட்ஜுக்கு அண்மையிலுள்ள கேர்ட்டன் கிராமத்துக்கு மாறியது. வோட்டர்ஹவுஸ் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த செங்கல் கட்டடம் முற்றாக முடியுமுன்பே மாணவியர் குடிபுகுந்தனர். ஒவ்வொருவருக்கும் படுக்கையறை ஒன்று, இருந்து படிக்க அறை ஒன்று என இரண்டு அறைகள். வீட்டில் யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓட வேண்டியிருந்த பெண்ணுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் இடம் கிடைத்தது. அதுவே அந்தக் காலத்தில் பெருஞ்செல்வம். நகரத்து விரிவுரைகளுக்குக் குதிரை வண்டியில் சென்றனர். துணைக்கு ஒரு மூத்த பெண்மணி உடனிருப்பார். இரவில் ஓர் அறையில் கூடிக் கொக்கோ குடித்துக் கதைத்தனர். நகரம் தொலைவென்பதால் மாணவியரே தீயணைப்புப் படை அமைத்து வாளியும் பம்பும் கொண்டு பயின்றனர்.

1880 இல் ஷார்லட் அங்கஸ் ஸ்கொட் என்னும் கேர்ட்டன் மாணவி கணிதத்தில் எட்டாம் இடத்துக்கு நிகரான புள்ளி பெற்றார். அடுத்த ஆண்டே ட்ரைப்பொஸ் பரீட்சைகள் பெண்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டன. ஆனால் பட்டம் மட்டும் கொடுக்கப்படவில்லை. 1897 இல் அதற்கென வாக்கெடுப்பு நடந்தபோது, சைக்கிளில் அமர்ந்த பெண்ணின் உருவபொம்மையைத் தெருவின் மேலே தொங்கவிட்டு ஆண் மாணவர் ஆரவாரித்தனர். பிரேரணை பெருந்தோல்வி கண்டது.

1904 வரை கல்லூரிப் பணியிலிருந்து, 1918 இல் தம் 88ஆவது வயதில் வாக்களித்து, 1921 ஜூலை 13 இல் எமிலி அம்மையார் கண்மூடினார். அதே ஆண்டு கொழும்பில் யூனிவர்சிட்டி கொலிஜ் தொடங்கியது. அங்கு படித்தோர் தோற்றிய இலண்டன் பட்டங்கள் 1878 முதலே பெண்களுக்கும் உரியவை. கேம்பிறிட்ஜ் அவ்வாண்டு பெண்களுக்குக் கொடுத்ததோ பட்டத்தின் பெயரை மட்டுமே. முழுப் பட்டம் 1948 இல்தான் வந்தது.

தாம் நட்ட மரத்தின் முழுக் கனியை அவர் காணவில்லை. ஆயினும் சலுகை கேளாமல் சமநிலை கேட்ட அவருடைய பிடிவாதமே அக்கனியைத் தந்தது. பரீட்சை மண்டபத்தில் எவருக்கும் குறையாத அதே வினாத்தாளைக் கையில் வாங்கி எழுதி வந்த நாம் அனைவரும், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், அவருக்குக் கடமைப்பட்டவர்கள்.