காங்கிரஸுக்குள் போன காம்ரேட்... ஜமீன் வீட்டுப் பிள்ளை மோகன் குமாரமங்கலத்தின் கதை!

சேலத்துல பஸ் ஏறி ஏற்காடு ட்ரிப் போயிருக்கீங்களா? அப்போ அஸ்தம்பட்டியில இருக்கற மத்திய சிறையையும் கடந்துதான் போயிருப்பீங்க. செல்ஃபி எடுக்கற இடமில்லை, அதனால கவனிச்சிருக்க மாட்டீங்க. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தார்கள். ஆயுதம் ஏந்திப் போராடுவதா, தேர்தலில் நிற்பதா என்று கட்சிக்குள்ளேயே அடித்துக்கொண்ட காலம் அது.

அதே சேலம் மாவட்டத்துக்காரர்தான் மோகன் குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கம் இருக்கும் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். பிறந்தது 1916-ல், லண்டனில். படித்தது ஈட்டன், கேம்பிரிட்ஜ். பாரிஸ்டராகத் திரும்பி வந்தவர், கோட்டு சூட்டோடு பிராக்டிஸில் செட்டில் ஆகாமல் கம்யூனிஸ்ட் கட்சி வேலைக்குப் போனார். பி.ராமமூர்த்தியோடு சேர்த்து சென்னைச் சதி வழக்கில் சிக்கினார். 1947-ல் அப்பா சுப்பராயன் சென்னை மாகாண உள்துறை அமைச்சர், மகன் கம்யூனிஸ்ட்! அந்த வீட்டு டைனிங் டேபிளை நினைச்சுப் பாருங்க.

1964-ல் கட்சி உடைந்தது. காங்கிரஸை எதிர்த்தே தீரணும்னு ஒரு தரப்பு. காங்கிரஸில் இருக்கும் முற்போக்காளர்களோடு கைகோக்கலாம்னு இன்னொரு தரப்பு. ராமமூர்த்தி மார்க்சிஸ்ட் பக்கம் போனார். மோகன் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார். ஆனா அவர் யோசனை அதையும் தாண்டியது. வெளியே நின்று கைகோப்பதில் பயனில்லை, காங்கிரஸுக்குள்ளேயே போய் அதை இடதுபக்கம் திருப்பணும் என்று எழுதினார். 'குமாரமங்கலம் தீசிஸ்' என்று பின்னாளில் பேசப்பட்டது அதுதான். தோழர்கள் பலருக்கு இது சரணாகதியாகத்தான் தெரிந்தது. எனக்கென்னவோ, எழுதியதைச் செய்தும் பார்த்தவர் என்ற மரியாதை அவர் மேல உண்டு.

ஆமாம், செய்தார். சென்னை மாநில அட்வகேட் ஜெனரலாக இருந்துவிட்டு காங்கிரஸில் சேர்ந்தார். 1971-ல் புதுச்சேரி எம்.பி., இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை. நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கியதில் முக்கியமான கை அவருடையது. தீசிஸ் ஜெயிச்சிடுச்சுன்னு சொல்ல முடியுமா? அவசரப்படாதீங்க. 1973 ஏப்ரலில் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதியானபோது, நாடாளுமன்றத்தில் அதை நியாயப்படுத்திப் பேசியவரும் இவரே. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மே 31-ல் டெல்லி பாலம் விமான நிலையம் அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 56. மகன் ரங்கராஜன் காங்கிரஸ் சார்பில் சேலம் எம்.பி-யாகி, பிறகு பா.ஜ.க அமைச்சரானார்.

தங்கை பார்வதி கிருஷ்ணன்? கோவையில் ஜெயித்து எம்.பி-யான அவர், அண்ணன் போன வழியில் போகவே இல்லை. 2014-ல் இறக்கும்வரை இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார்.