செப்புத் தகட்டில் பதிந்த பாரமகால்

நுழையும்முன்

ஓர் ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதைக் கல்வெட்டும் ஏட்டுச்சுவடியும் ஓரளவே சொல்லும். நிழற்படக் கருவி தோன்றாத காலத்தில் நம் மலைகளையும் கோயில்களையும் கண்ணால் கண்டு, கையால் வரைந்து, செப்புத் தகட்டில் பொறித்து, தாளில் அச்சிட்டுப் பரப்பிய ஓவியர் தாமஸ் டேனியல். தொலைவிலுள்ள நாட்டில் பிறந்து நம் மண்ணை உலகுக்குக் காட்டிய அவருடைய வாழ்க்கை, உழைப்பின் பெருமையை உணர்த்துவதாக அமைகிறது.

மலைகள் வாழும் ஓவியம்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளி அமைந்துள்ளது. அதைக் கடந்து தெற்கே சென்றால் தொப்பூர்க் கணவாய். வடக்கே பாலக்கோடு வழியாகச் சென்றால் இராயக்கோட்டை. எத்திசை நோக்கினும் மலைகளே கண்ணுக்குத் தெரியும் நிலம் இது. இன்றைய தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய இப்பகுதி அக்காலத்தில் பாரமகால் என்று அழைக்கப்பட்டது. பன்னிரண்டு மலைக்கோட்டைகளை உடையதால் இப்பெயர் பெற்றது என்பர்.

இலண்டன் நகரில் அச்சாகி வெளிவந்த ஓவியத் தொகுதி ஒன்றில் இந்த மலைகள் இடம்பெற்றுள்ளன. இராயக்கோட்டை, வீரபத்திரதுர்கம், செகதேவி ஆகிய மலைக்கோட்டைகள் அதில் தனித்தனி ஓவியங்களாக உள்ளன. நாள்தோறும் நாம் பார்த்துக்கொண்டே கடந்துபோகும் குன்றுகளை ஒருவர் நின்று பார்த்தார், பார்த்ததை வரைந்தார். அவர் இங்கு வந்தது 1792ஆம் ஆண்டில்.

இளமையும் கல்வியும்

தாமஸ் டேனியல் 1749ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டில் தேம்சு ஆற்றங்கரையிலுள்ள கிங்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் விடுதி நடத்தி வந்தார். செல்வமோ குலப்பெருமையோ துணைநில்லாத குடும்பம் அது. எனவே இளம்வயதிலேயே செல்வர்களின் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைக் கற்கச் சென்றார். வண்டிக் கதவில் குடிச்சின்னங்களையும் பூவேலைகளையும் பிழையின்றி வரையும் பயிற்சி அவருடைய கைக்கு உறுதியையும் கண்ணுக்குக் கூர்மையையும் தந்தது.

வண்டி ஓவியராகவே வாழ்நாளைக் கழிக்க அவர் விரும்பவில்லை. 1773ஆம் ஆண்டு இலண்டன் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இயற்கைக் காட்சிகளை வரைந்து கண்காட்சிகளில் வைத்தார். ஆயினும் ஓவியர்கள் நிறைந்த அந்நகரில் அவருக்குப் போதிய வாய்ப்புக் கிட்டவில்லை.

இதற்கிடையே அவருடைய அண்ணன் தம்பியருள் ஒருவர் 1779ஆம் ஆண்டு காலமானார். தந்தையை இழந்த வில்லியம் என்னும் சிறுவனைத் தாமஸ் தம் பொறுப்பில் வளர்த்தார். உணவும் உறைவிடமும் அளித்ததோடு தம் தொழிலையும் கற்பித்தார். சிற்றப்பனுக்கும் மகனுக்கும் இடையே அன்று தோன்றிய பிணைப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

கடல் கடந்த பயணம்

இந்தியாவுக்குச் செல்வதற்கு அந்நாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இசைவு வேண்டும். செதுக்கோவியராகப் பணிபுரிய 1784ஆம் ஆண்டு தாமஸ் இசைவு பெற்றார். 1785ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருவரும் கப்பலேறினர். தாமசுக்கு அப்போது முப்பத்தைந்து வயது கடந்திருந்தது. வில்லியமோ பதினாறு வயதை ஒட்டிய இளைஞர். சீனாவைச் சுற்றிக்கொண்டு 1786ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவை அடைந்தனர்.

அங்குத் தாமஸ் மேற்கொண்ட முதற்பணி, கல்கத்தா நகரின் பன்னிரண்டு காட்சிகளைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டு வெளியிடுவதாகும். 1786 முதல் 1788 வரை இப்பணி நடந்தது. இலண்டனில் ஓவியர் வரைவார்; செதுக்குநர் பொறிப்பார்; அச்சுத் தொழிலாளர் அச்சிடுவார்; பதிப்பாளர் விற்பார். கல்கத்தாவில் இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே, ஓவியர், செம்புத் தொழிலாளர், செதுக்குநர், அச்சிடுவோர் ஆகிய அனைவரின் வேலையையும் தாமஸ் தாமே செய்ய நேர்ந்தது. உள்ளூர்க் கைவினைஞர்களையும் பழக்கித் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர்களுடைய பெயர்கள் அப்படங்களில் இடம்பெறவில்லை.

செம்பில் எழுதும் கலை

தாமஸ் கையாண்ட முறையை அறிந்தால்தான் அவருடைய உழைப்பின் அளவு விளங்கும். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டின்மீது அமிலத்தால் கரையாத மெழுகுப் பூச்சு இடப்படும். அப்பூச்சில் கூரிய ஊசியால் கோடுகள் வரையப்படும். பின்னர்த் தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அமிழ்த்தினால், ஊசி பட்ட இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். இதனை எட்சிங் என்பர்.

கோடுகளை மட்டும் கொண்டு வானத்தின் மென்மையையும் மலையின் நிழலையும் காட்டுவது அரிது. அதற்கென அக்வாடின்ட் என்னும் முறை தோன்றியது. 1760களில் பிரான்சு நாட்டு ஓவியர் ழான் பத்தீசுத்து லெ பிரான்சு இதனை வளர்த்தெடுத்தார். அடுத்த பத்தாண்டில் பால் சாண்ட்பி என்பவர் இங்கிலாந்தில் இதனைப் பரப்பினார். குங்கிலியத் தூளைத் தகட்டின்மீது சீராகத் தூவிச் சூடேற்றினால் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமிலம் துகள்களுக்கு இடையே மட்டும் புகுந்து அரிக்கும். வெண்மையாக இருக்க வேண்டிய பகுதியை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, எஞ்சிய பகுதியை மீண்டும் மீண்டும் அமிலத்தில் இட, நிழல் படிப்படியாகக் கருமை பெறும். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைப் பொறியில் அழுத்தினால் படம் தாளுக்கு மாறும். அதன்பின் ஒவ்வொரு படிக்கும் கையால் நீர்வண்ணம் தீட்டப்படும்.

அமிலத்தில் தகடு சற்று மிகுதியாகக் கிடந்தாலும் பல நாள் உழைப்பு வீணாகும். ஒரு தகட்டிலிருந்து எடுக்கக்கூடிய நல்ல படிகளும் அளவுக்குட்பட்டவையே. அச்சிட அச்சிட மென்மையான நிழல்கள் தேய்ந்துவிடும்.

வடக்கும் தெற்கும்

கல்கத்தாக் காட்சிகள் விற்றதில் கிடைத்த ஊக்கத்தோடு 1788ஆம் ஆண்டு இருவரும் கங்கை வழியே படகில் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். காசி, ஆக்ரா, டெல்லி ஆகிய நகரங்களைக் கண்டு, இமயமலைப் பகுதியிலுள்ள கார்வால் வரை சென்றனர். அப்பகுதிக்குள் நுழைந்த முதல் ஐரோப்பியர் சிலருள் இவர்களும் அடங்குவர். சென்ற இடமெல்லாம் இருவரும் வரைந்தனர். இருட்டறைப் பெட்டி என்னும் கருவியும் உடன் இருந்தது. அப்பெட்டியில் உள்ள வில்லையின் வழியே காட்சியின் உருவம் தாளின்மேல் விழும். அதன் எல்லைகளை ஓவியர் கோட்டால் பற்றிக்கொள்வார். கட்டடங்களின் அளவும் விகிதமும் பிறழாமல் அமைய இது துணைபுரிந்தது.

மூன்றாண்டுப் பயணம் முடிந்து கல்கத்தா திரும்பியபோது கையில் ஓவியங்கள் இருந்தன, பணம் இல்லை. எனவே தாம் வரைந்த எண்ணெய் ஓவியங்களைப் பரிசுப் பொருளாக வைத்துக் குலுக்குச் சீட்டு நடத்திப் பணம் திரட்டினார் தாமஸ். அப்பணத்தைக் கொண்டே தென்னகப் பயணம் அமைந்தது. 1792ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இருவரும் சென்னையில் வந்து இறங்கினர்.

அதே மார்ச் மாதத்தில்தான் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் திருவரங்கப்பட்டின உடன்படிக்கையோடு முடிந்திருந்தது. அதன்படி பாரமகால் கம்பெனியின் கைக்கு மாறியது. போரின் செய்திகளைக் கேட்டிருந்த ஆங்கிலேயர்கள் அந்தப் போர்க்களங்களையும் மலைக்கோட்டைகளையும் படத்தில் காண விரும்புவார்கள் என்பதைத் தாமஸ் அறிந்திருந்தார். ஏப்ரல் மாதம் பல்லக்கோடும் குதிரையோடும் சுமைதூக்குவோரோடும் சென்னையிலிருந்து புறப்பட்டார். கோடைவெயிலில் மைசூர்ச் சீமையையும் பாரமகாலையும் சுற்றி, மலையடிவாரங்களில் தங்கி வரைந்தனர். இராயக்கோட்டையின் பாறைக்குன்றும், வீரபத்திரதுர்கத்தின் உச்சியும், ஓசூர்க் கோட்டையும் அவர்களுடைய தாள்களில் ஏறின.

பின்னர்த் தெற்கே மதுரை, பாபநாசம், குமரிமுனைப் பகுதி வரை சென்றனர். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்து கிடந்த நிலையை வரைந்தனர். நேப்பியர் ஆளுநராக இருந்தபோது அவ்வரண்மனை சீரமைக்கப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட தோற்றம் அது. தஞ்சைப் பெரிய கோயிலும் அதன் நந்தியும், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும், மாமல்லபுரத்துக் குடைவரைகளும் அவர்களுடைய தூரிகைக்கு வந்தன. சென்னையில் மீண்டும் ஒரு குலுக்குச் சீட்டு நடத்தி, 1793ஆம் ஆண்டு பம்பாய் சென்று, எலிபெண்டா, கார்லே முதலிய குகைகளையும் கண்டனர். 1794ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பினர். ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள் அயல்நாட்டில் கழிந்திருந்தன.

கிழக்கத்தியக் காட்சிகள்

பயணம் முடிந்தபோது உண்மையான வேலை தொடங்கியது. இலண்டனில் ஹவ்லண்ட் தெருவிலிருந்த தம் இல்லத்தையே பணிக்கூடமாக்கினர். கோட்டோவியங்களை ஒவ்வொன்றாகச் செப்புத் தகட்டுக்கு மாற்றினர். வில்லியம் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை ஏழாண்டுகள் அமிலத்தோடும் குங்கிலியத் தூளோடும் போராடி அக்வாடின்ட் முறையில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்றார்.

இவ்வாறு உருவான தொகுதியே கிழக்கத்தியக் காட்சிகள் எனப் பொருள்படும் பெயரில் 1795 முதல் 1808 வரை வெளிவந்தது. பிரிவுக்கு இருபத்து நான்காக ஆறு பிரிவுகள்; மொத்தம் 144 படங்கள். எல்லோராக் குகைகளைக் காட்டும் இறுதிப் பிரிவு, இந்தியாவிலேயே மறைந்த ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் வரைந்தவற்றைக் கொண்டு அமைந்தது. முழுத் தொகுதியின் விலை 210 பவுன். எளிய தொழிலாளி ஒருவரின் பல ஆண்டு ஊதியத்துக்கு அது நிகராகும்.

பிறர் வரைந்த ஓவியத்தைச் செதுக்குநர் படியெடுப்பதே அக்காலத்தில் பெருவழக்கு. ஓவியரே தகட்டைக் கையிலெடுத்துப் பொறித்து வெளியிடும் அச்சோவியத்தை மூல அச்சோவியம் என்பர். இக்கருத்தை முன்னிறுத்தி 1862ஆம் ஆண்டு பாரிசு நகரில் கதார் என்னும் பதிப்பாளர் எட்சிங் ஓவியர்களுக்கெனச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே கல்கத்தாவில் தேவை கருதி அவ்வழியில் நடந்தவர் தாமஸ்.

படம் சொல்வதும் சொல்லாததும்

1799ஆம் ஆண்டு தாமஸ் அரச கலைக்கழகத்தின் உறுப்பினரானார். அவருடைய ஓவியங்கள் இங்கிலாந்தின் கட்டடக் கலையிலும் தடம் பதித்தன. செசின்கோட் என்னும் மாளிகை இந்தியப் பாணியில் எழுந்தபோது அவர் அறிவுரை வழங்கினார்.

இப்படங்களை நாம் போற்றும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. அவற்றில் மலைகள் அமைதியாக நிற்கின்றன. மக்கள் மரநிழலில் சிறு உருவங்களாக இளைப்பாறுகின்றனர். ஆனால், அவை வரையப்பட்ட நிலம் அப்போதுதான் போரிலிருந்து மீண்ட நிலம். எரிந்த ஊர்களும் இடம்பெயர்ந்த குடிகளும் அக்காட்சிகளில் இடம்பெறவில்லை. இங்கிலாந்தில் வாங்குவோர் விரும்பியது அழகை. ஓவியர் தந்ததும் அதையே. எனவே இப்படங்களைக் கலையாகச் சுவைப்பதோடு, யார் வரைந்தார், யாருக்காக வரைந்தார் என்னும் வினாக்களோடும் அணுக வேண்டும். பல்லக்குச் சுமந்தவர்களும் வழி காட்டியவர்களும் இல்லாமல் ஓர் ஓவியமும் பிறந்திராது என்பதும் நினைவில் நிற்கட்டும்.

இறுதிக் காலம்

வில்லியம் பின்னர்த் தம் நாட்டின் கடற்கரை முழுவதையும் சுற்றி வரைந்து 308 அச்சோவியங்களை வெளியிட்டுப் புகழ்பெற்றார். 1822ஆம் ஆண்டு அவரும் கலைக்கழக உறுப்பினரானார். தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாம் வளர்த்த மகனின் உயர்வையே தம் உயர்வாகக் கண்டார். 1837ஆம் ஆண்டு வில்லியம் மறைந்தார். கைப்பிடித்து வளர்த்த பிள்ளையை முதுமையில் இழந்த தாமஸ், 1840ஆம் ஆண்டு மார்ச் 19 அன்று தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் இயற்கை எய்தினார். ஏறத்தாழ அதே காலத்தில் நிழற்படக் கருவி இந்தியாவை அடைந்தது.

அவர்களுடைய ஓவியங்கள் இன்று கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்திலும் பிரித்தானிய நூலகத்திலும் காக்கப்படுகின்றன. கோட்டைச் சுவர்கள் சரிந்தாலும் அக்குன்றுகள் நம் கண்முன் இருக்கின்றன. அயலார் ஒருவர் கடல் கடந்து வந்து கருத்தோடு நோக்கிய மண்ணை, அதிலேயே பிறந்து வாழும் நாமும் ஒருமுறை நின்று நோக்குவோமாக!

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழமையான கோயில், கோட்டை, குளம் ஆகியவற்றுள் ஒன்றை நேரில் கண்டு கோட்டோவியம் வரைந்து, அதன் இன்றைய நிலையை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ஓர் ஓவியமோ நிழற்படமோ காட்டாமல் விடுகின்றவை எவை என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.